இல்லாத குழாயின் நீளம்

குழாய்க்காரருக்கு உடம்பில் ஒரு குழாய் இல்லை. சரியாகச் சொன்னால் இரண்டு குழாய் இல்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பிறக்கும்போதே இல்லை. ஊரில் பாதி வீட்டுக்குத் தண்ணீர் இழுத்துக் கொடுத்த மனிதர் நாற்பது வயதுவரை அது தெரியாமலே வாழ்ந்துவிட்டார். தெரிந்துகொள்ளக் காரணமும் இல்லை. மீசை முளைத்தது, குரல் உடைந்தது, கல்யாணம் ஆனது, எல்லோருக்கும் நடப்பது அவருக்கும் நடந்தது. பிள்ளை மட்டும் பிறக்கவில்லை.

பதினோரு வருடம் அந்தப் பழி அவர் மனைவியின் தலையில் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டால் யாருமே வைக்கவில்லை என்பார்கள். அது தானாகவே நடந்துபோய் அங்கே உட்கார்ந்துகொள்ளும் பழி. குழாய்க்காரரின் அம்மா அது எழுந்து போய்விடாமல் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு டாக்டர், படம் எதுவும் எடுக்காமல், விரலால் தடவிப் பார்த்து இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஒரு காகிதத்தில் வரைந்தும் காட்டினார்.

"இதான் விந்தகம். உற்பத்தி எல்லாம் இங்கதான். உங்களுக்கு ஜோரா நடக்குது. அதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு ஒரு சுருள் இருக்கு, பிரிச்சா ஆறு மீட்டர் வரும். அதுல பத்துப் பன்னிரண்டு நாள் தங்கித்தான் விந்தணு நீந்தவே கத்துக்கும். அங்கேர்ந்து வயித்துக்குள்ள ஏத்திவிடறதுக்கு விந்து நாளம்னு ஒரு குழாய் உண்டு. அது உங்களுக்கு இல்ல."

"அடைப்பா சார்?"

"அடைப்புன்னா குழாய் இருக்கணும்ல?"

குழாய்க்காரர் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "புரிஞ்சுடுச்சு சார். மோட்டார் ஓடுது, டேங்க் ரொம்புது, லைன் மட்டும் போடல."

"எங்க புரொஃபசருக்குக்கூட இவ்வளவு சுருக்கமா சொல்ல வராது," என்றார் டாக்டர்.

விந்தணுவை ஊசியால் உறிஞ்சி எடுத்துக் கருவாக்க இரண்டு தடவை முயன்றார்கள். இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது தடவைக்குப் பிறகு மனைவி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "போதுங்க" என்றாள். அம்மாவிடம் குழாய்க்காரர் உள்ளதைச் சொன்னார். "டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க. எந்த அரசாங்கம் எழுதிக் கொடுத்துச்சு?" என்று கேட்டுவிட்டு அம்மா வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அப்புறம்தான் தத்தெடுக்கக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனார்கள். அங்கே மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. வைத்த பெயர் வேறு, எல்லோரும் கூப்பிடுவது வாலு. வந்தவர்களிடம் குழந்தைகள் வழக்கமாகப் பாட்டுப் பாடிக் காட்டும். இது பாடவில்லை. குழாய்க்காரரின் பையிலிருந்து ஸ்பேனரை உருவிக்கொண்டு, தர முடியாது என்று மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மனைவியும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் இரண்டு பேரும் வெளியே வரவில்லை. உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவள் அவரிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பேருந்தில், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, காரணமில்லாமல் சிரித்தாள்.

காப்பகத்துப் பொறுப்பாளர் அம்மா சட்டத்தை விளக்கினார். "பெத்துக்க முடியாதவங்களுக்குத்தான் கொடுக்கலாம். ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் குறை இருந்தாப் போதும். உங்களுக்கு அந்தக் குழாய் இல்லேன்னு ஆண் உடற்தகுதி மையத்துல ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. தொண்ணூறு நாள் வாலுவை உங்க பேர்ல நிறுத்தி வைக்கிறேன். தாண்டிச்சுன்னா அடுத்த பேருக்குப் போயிடும்."

"டாக்டர் சீட்டு இருக்கே மேடம்?"

"அவர் தனியார். அவர் கண்ணுக்குத் தெரியாதது அரசாங்கத்துக் கண்ணுக்குத் தெரியலாம்ல?"

அது எவ்வளவு சத்தியமான வாக்கு என்பது பிறகுதான் விளங்கியது.

மையம் நகரத்தின் பெருமை. அதன் இயக்குநர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் புது மனுதாரர்களை வாசலில் நிற்கவைத்து உரை நிகழ்த்துவார். குழாய்க்காரரும் நின்றார்.

"உடம்பைவிட நல்ல நிர்வாகம் உலகத்துல உண்டா?" என்று ஆரம்பித்தார் இயக்குநர். "அதனால நான் என்ன பண்ணேன், ஆணோட உடம்புல இருக்கிற அமைப்பை அப்படியே அலுவலகமாக் கட்டிட்டேன். ஒரு விந்தணு எந்த வழியாப் போகுமோ அந்த வழியாத்தான் உங்க மனுவும் போகும். அது எத்தனை நாள் எடுத்துக்குமோ, நாங்களும் அத்தனை நாள் எடுத்துக்குவோம். ஒரு நாள் கூடாது, ஒரு நாள் குறையாது. கோடிக்கணக்குல புறப்பட்டு ஒண்ணே ஒண்ணுதான் போய்ச் சேரும், அது இயற்கை. போன வருஷம் எங்களுக்கு நாப்பதாயிரம் மனு வந்துச்சு." இயக்குநர் ஒற்றை விரலை உயர்த்தினார். "நாங்க இயற்கைகிட்டத் தோத்துப்போகல."

ஊழியர்கள் கைதட்டினார்கள். மனுதாரர்களும் தட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரை ஒருவர் குறித்துக்கொண்டிருந்தார்.

விந்தகம் உடம்புக்கு வெளியே தொங்குகிறது அல்லவா, அதனால் விந்தகப் பிரிவும் பிரதானக் கட்டடத்துக்கு வெளியே, கொல்லைப்புறத்தில், தனிக் கொட்டகையில் இருந்தது. உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று பாகை குறைவாக இருந்தால்தான் அங்கே உற்பத்தி நடக்கும் என்பதால் கொட்டகைக்குக் குளிர்சாதனம் போட்டிருந்தார்கள். அதிகாரிகள் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். இறுக்கமான கால்சட்டையோடு உள்ளே வரக்கூடாது என்று வாசலில் அறிவிப்பு. குழாய்க்காரர் தொளதொளப் பேண்ட் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார்.

அங்கே இடது அதிகாரி ஒருவர், வலது அதிகாரி ஒருவர். இரண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே பதவி. ஆனால் பெரும்பாலானோருக்கு இடது சற்றுத் தாழ்ந்து தொங்கும் என்று எந்தப் புத்தகத்திலோ படித்துவிட்டு, இயக்குநர் இடது அதிகாரியின் நாற்காலிக் கால்களை நான்கு விரற்கடை அறுக்கச் சொல்லிவிட்டார். இடது அதிகாரி எட்டு வருடமாக எதிலும் லேசில் கையெழுத்துப் போடுவதில்லை.

"மேசைக்குமேல என் மூக்குதான் தெரியுது. எந்த மரியாதையில நான் கையெழுத்துப் போடறது?" என்றார் அவர்.

குழாய்க்காரர் வாதாடவில்லை. மறுநாள் நான்கு இரும்புக் குழாய்த் துண்டுகளை அளவாக அறுத்து எடுத்துவந்து நாற்காலிக் கால்களில் மாட்டிவிட்டார். இடது அதிகாரி ஏறி உட்கார்ந்து, வலது அதிகாரியை நேருக்கு நேர் பார்த்து, கண்கலங்கிக் கையெழுத்துப் போட்டார். முதல் வாரமே வேலை முடிந்தது.

"அப்ப மனு மேல போயிடும்ல சார்?"

"மனு கொடுத்த நாள்லேர்ந்து எழுபத்திரண்டு நாள் ஆகணும்."

"அதான் கையெழுத்து ஆயிடுச்சே?"

"கையெழுத்து ஆயிடுச்சு. உருவாகணும்ல?"

எழுபத்திரண்டு நாளும் மனு ஓர் அலமாரியில் உருவாகிக்கொண்டிருந்தது. விடுமுறை நாட்களில் அது உருவாகாது என்று சொல்லாமல் விட்டார்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். குழாய்க்காரர் வேலைக்குப் போனார், குழாய் மாட்டினார், கசிவு அடைத்தார், வீட்டுக்கு வந்தார். மனைவி காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள். ஞாயிறுதோறும் காப்பகத்துக்குப் போய் மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஸ்பேனர் இன்னும் திரும்பி வரவில்லை.

எழுபத்து மூன்றாம் நாள் மனு முதிர்வுப் பிரிவுக்குப் போனது. ஒரு சின்ன அறைக்குள் ஆறு மீட்டர் நடையைத் தடுப்புப் பலகைகளால் மடித்து மடித்து அடைத்து வைத்திருந்தார்கள். நுழைந்தவர்கள் முட்டி முட்டித் திரும்பி, முன்னால் போனவரின் முதுகையே மறுபடி பார்த்தார்கள். அங்கே பன்னிரண்டு நாள்.

"இப்ப இதுக்கு என்ன சார் நடக்குது?"

"பக்குவப்படுது," என்றார் அதிகாரி. "பச்சை மனுவை மேல அனுப்பினா அதுக்கு நேராப் போகத் தெரியாது. ஒரே இடத்துல சுத்தும்."

"இங்க அது என்ன சார் பண்ணுது?"

அதிகாரி யோசித்தார். "சுத்துது," என்று ஒப்புக்கொண்டார்.

இதற்குள் குழாய்க்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வருகிறது, உங்களுக்கும் வரலாம். அவருக்கு வரவில்லை. வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்த காலைப்போல உள்ளே ஏதோ மரத்துவிட்டது. கிள்ளினால் தெரிகிறது, ஆனால் வேறு யாரையோ கிள்ளுவதுபோலத் தெரிகிறது.

எண்பத்தைந்தாம் நாள் நாளப் பிரிவு. கட்டடத்துக்குள் ஏறுகிற இரண்டு நீண்ட தாழ்வாரங்கள், முனையில் ஒரு கணினி, அதற்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா. கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பிறகு பெரிய வினையானது.

"விந்து நாளம், இடது. நீளம் சொல்லுங்க."

"இல்லைங்க."

"தெரியலையா?"

"குழாயே இல்லைங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

கண்ணாடிக்காரர் சுழியம் அடித்தார். கணினி கீச்சென்று கத்தியது. "முப்பதுலேர்ந்து நாப்பத்தஞ்சு வரைக்கும்தான் எடுக்குது. காலியா விட்டாலும் எடுக்காது. இல்லேன்னா இல்லேன்னு போடலாம், ஆனா அதுக்கு வெட்டி எடுத்த டாக்டரோட கடிதம் வேணும்."

"யாரும் வெட்டலைங்க. பிறக்கும்போதே இல்ல."

"அப்ப பிறப்புச் சான்றிதழ்ல குறிச்சிருக்கணுமே."

மறுநாள் குழாய்க்காரர் பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தார். அதில் ஆண் என்று இருந்தது. கண்ணாடிக்காரர் அதைத் தட்டிக் காட்டினார். "ஆண்னு போட்டிருக்காங்க. ஆண்னா எல்லாம் சேர்த்துத்தானே? ஏதாவது குறைஞ்சா 'நீங்கலாக'ன்னு ஒரு வார்த்தை போட்டிருப்பாங்க."

"சார், நீங்களே ஒரு டாக்டரை விட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்களேன். ரெண்டு நிமிஷ வேலை."

"இது அளக்கிற பிரிவுங்க. இருக்கா இல்லையான்னு பார்க்கிறது எங்க வேலை இல்ல. இருக்கிறதை அளக்க டேப் இருக்கு. இல்லாததை அளக்க என்ன இருக்கு, சொல்லுங்க?"

எண்பத்தேழாம் நாள். குழாய்க்காரர் மறுபடி மேசையின் முன் வந்து நின்றார். பின்னால் வரிசை நீண்டது. கண்ணாடிக்காரர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "உங்களைப் பார்த்தாப் பாவமா இருக்கு. ஒரு நம்பர் போடுங்க. நம்பர் விழுந்தா நகரும். மேல இருக்கிறவங்களுக்கு அதிகாரம் ஜாஸ்தி, டாக்டர் சீட்டைப் பார்த்து அவங்க இல்லேன்னு மாத்திக்குவாங்க."

குழாய்த் தொழில் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்ளலாம். ஏனென்றால் இது அவருக்கு அன்றாடம் பழகிய வேலை. புதுக் கட்டடத்துக்கு மதிப்பீடு கேட்பார்கள், சுவரே எழும்பியிருக்காது, ஆனாலும் குழாய் நீளம் எழுதினால்தான் அனுமதி கிடைக்கும். எழுதுவார். வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர் வந்து நிஜ அளவு எடுத்துத் திருத்திவிடுவார். இருபது வருடம் அப்படித்தான். எப்போதும் கூட்டியே எழுதுவார். குறைத்து எழுதினால் பிறகு கேட்டு வாங்க முடியாது.

"இடது நாப்பத்தஞ்சு," என்றார். "வலதும் அதே போட்டுக்குங்க."

கணினி கத்தவில்லை.

மேலே சுரப்பிகள் பிரிவு. அங்கே எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அந்த வயதில் ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கும் அல்லவா, இயற்கையாகவே பிரிவும் வருடா வருடம் வீங்கி, அதன் அலமாரிகள் நடைபாதையை நெருக்கி, கழிப்பறைக்குப் போகிறவர்கள் பக்கவாட்டில் நுழைந்து, நின்று நின்று, பாதியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மனுவோடு தங்கள் சரக்கைச் சேர்ப்பதுதான் அவர்கள் கடமை. "கடைசியில வெளிய போறதுல முக்காவாசிக்கு மேல எங்க சேர்மானம்தான்," என்றார் மூத்த அதிகாரி பெருமையாக. "உங்க மனு அதுல ஒரு துளி." இரண்டு தாளாக உள்ளே போன மனு முந்நூறு தாளாக ஊறியது. டாக்டர் சீட்டு அதில் எங்கே என்று குழாய்க்காரர் கேட்டார். "உள்ளதான் இருக்கும், நீந்திக்கிட்டு," என்றார் அவர்.

எண்பத்தொன்பதாம் நாள் மாலை மணி அடித்தது. வெளியே போகக் கட்டடத்துக்கு ஒரே வாசல். கழிப்பறைக் கழிவும் அந்த வழிதான், சான்றிதழும் அந்த வழிதான். ஒன்று போகும்போது மற்றது போகாதபடி நடுவில் ஒரு கதவு வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான். கதவு திறந்தது. இரண்டரை மாதத்துக்குமேல் உருவாகி, பக்குவப்பட்டு, ஊறிய கோப்புகள் அத்தனையும் சில நொடிகளில் தெருவுக்குத் தள்ளப்பட்டன. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்கினார்கள். உள்ளே ஊழியர்கள் அனைவரும் உடனே தூங்கிப்போனார்கள்.

குழாய்க்காரர் தன்னுடையதைப் பிரித்துப் படித்தார். 'மனுதாரரின் விந்தகங்கள், முதிர்வுச் சுருள்கள், விந்து நாளங்கள் (இடது 45 செ.மீ., வலது 45 செ.மீ.) ஆகிய அனைத்தும் பூரணமாகவும், சராசரிக்கு மேலாகவும் அமைந்துள்ளன எனவும், மனுதாரர் தந்தையாவதற்கு எவ்விதத் தடையும் இல்லை எனவும் இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.' வட்ட முத்திரை, இயக்குநரின் கையெழுத்து.

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைப் படித்தபோது ஒரு நொடி குழாய்க்காரருக்குச் சந்தோஷமாக இருந்தது. சராசரிக்கு மேல் என்று அவரைப் பற்றி இதற்குமுன் யாரும் எழுதியதில்லை.

பிறகு கதவைத் தட்டினார். வெகுநேரம் கழித்துக் காவலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "திருத்தமா? கொல்லைப்புறத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும். இல்லே, பொய் அளவு கொடுத்தேன்னு நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அதுக்கு ஆறு மாசம் ஜெயில்."

தொண்ணூறாம் நாள் காப்பகத்துப் பொறுப்பாளர் அம்மா சான்றிதழை இரண்டு தடவை படித்தார். "இவ்வளவு நல்லா இருக்கிறவங்க எதுக்குங்க இங்க வந்தீங்க?"

குழாய்க்காரர் நடந்ததையெல்லாம் சொன்னார். அந்த அம்மா கடைசிவரை கேட்டார், நம்பவும் செய்தார். "நம்பறேன். ஆனா நான் நம்பறதை எங்க ஒட்டறது? வாலுவை நாளைக்கு அடுத்த பேருக்குக் கொடுத்துடுவோம். உங்க பதிவை ரத்துப் பண்ணல. ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் குறை இருந்தாப் போதும்னு அன்னைக்கே சொன்னேன்ல? உங்களுக்கு எல்லாம் இருக்கு. அப்ப உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. பெண்கள் மையம் ஆண்கள் மையத்துக்கு எதிர்லயே இருக்கு. அங்க ஒன்பது மாசம் எடுத்துக்குவாங்க."

மனைவி எழுந்தாள். உள்ளே போய் மேசைக்கு அடியில் உட்கார்ந்தாள். அன்றைக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தாள். வெளியே வந்தபோது, "ஸ்பேனரை அதுக்கிட்டயே விட்டுட்டேன்," என்றாள்.

வீட்டில் அம்மா சான்றிதழை உரக்கப் படிக்கச் சொன்னாள். குழாய்க்காரர் படித்தார். சராசரிக்கு மேல் என்ற இடத்தை அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல? என் புள்ளைகிட்ட ஒரு குறையும் இல்லேன்னு? இப்ப அரசாங்கமே சொல்லிடுச்சு."

மனைவி அடுப்படி வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அம்மா, அந்த நாற்பத்தைந்தை நான்தான் எழுதினேன் என்று சொன்னால் போதும். குழாய்க்காரர் வாயைத் திறந்தார். உள்ளே கிள்ளிப் பார்த்தார், தெரியவே இல்லை. "சோறு போடு," என்றார்.

மறுநாள் காலையில் மனைவி குளித்து, நல்ல சேலை கட்டி, தானே கிளம்பினாள். அவர் பின்னாலேயே போனார். பெண்கள் மையத்தில் வரிசை தெருமுனை தாண்டி வளைந்து நின்றது. நண்பகலுக்குமேல் அவள் முறை வந்தது. சன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல் படிவத்தை நகர்த்தினாள்.

"என்ன குறைன்னு போடட்டும்?"

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் தரையில் பதித்திருந்த கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே ஏதாவது போடுங்கம்மா," என்றாள் அவள். "சின்னதாப் போடுங்க."